சமையற்கூடம் யார் பெயரில்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு-மனை இணைப்புகளில் 55 வயதைக் கடந்தவர்களுக்கான குடியிருப்பு விளம்பரம் இல்லாத வாரம் குறைவு. இந்தத் தொழிலுக்குக் கோயம்புத்தூர் பெயர் பெற்ற ஊர். சென்னையிலும் இது பெருகிவருகிறது. சதுர அடி விலை, யோகா கூடம், நடைபாதை, கோயில், மூன்று வேளை சாப்பாடு என எல்லாமே விளம்பரத்தில் இருக்கும். பத்து வருடம் கழித்து அந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்பதை முடிவு செய்யும் ஒரு விவரம் மட்டும் இருக்காது. அங்கே சமையற்கூடமும் உணவுக்கூடமும் யார் பெயரில் இருக்கின்றன என்பதுதான் அது.

சாதாரண அடுக்குமாடியில் வீடு வாங்குபவருக்குக் கிரையப் பத்திரம் ஒன்று போதும். முதியோர் குடியிருப்பில் இரண்டு ஆவணங்கள் உண்டு. கிரையப் பத்திரம் வீட்டையும் பிரிபடாத நிலப் பங்கையும் தருகிறது. சாப்பாடு, துப்புரவு, நர்ஸ், காவல், அவசர மணி எல்லாம் சேவை ஒப்பந்தத்தில் வருகின்றன. முதல் ஆவணத்தை வக்கீல் பார்க்கிறார், வங்கி பார்க்கிறது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. இரண்டாவது பெரும்பாலும் சாவி கொடுக்கும் நேரத்தில்தான் கைக்கு வருகிறது. முப்பது பக்கத்தை நின்றபடியே புரட்டிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் இந்தச் சந்தையில் வீட்டுக்கு மதிப்பைக் கொடுப்பது அந்த இரண்டாவது ஆவணம்தான். ஊருக்கு வெளியே, பள்ளிக்கூடமோ அலுவலகமோ பக்கத்தில் இல்லாத 600 சதுர அடி வீட்டை இளம் குடும்பம் தேடி வராது. வந்தாலும் வயது விதி தடுக்கும். சேவைக்காக வருபவர் மட்டுமே அதை வாங்குவார். சேவை கெட்டுப்போனால் அவரும் வரமாட்டார்.

சேவை கெட்டுப்போனால் குடியிருப்போர் சங்கம் கூடி, சேவை தரும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். சமையற்கூடத்தின் உரிமை முக்கியமாவது இங்கேதான். சில திட்டங்களில் கட்டுநர் சமையற்கூடம், உணவுக்கூடம், மருத்துவ அறை, அலுவலகம் ஆகியவற்றைப் பொது இடத்தில் சேர்க்காமல் தனி யூனிட்டுகளாகப் பிரித்து, அவற்றுக்கான நிலப் பங்கோடு தன் பெயரிலேயே வைத்துக்கொள்கிறார். பிறகு தன் துணை நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுகிறார். கட்டணத்தை ஏற்றினாலும் சாப்பாட்டின் தரம் இறங்கினாலும் அந்த நிறுவனத்தை வெளியே அனுப்ப முடியாது. அனுப்பினால் புதிதாக வருபவர் எங்கே நின்று சமைப்பார்? சங்கத்தின் தீர்மானம் காகிதத்தில் நின்றுவிடும். 75 வயதுக்காரர்கள் இருநூறு பேர் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது; பல வீடுகளில் சமையலறை என்பதே இரண்டடி மேடைதான்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, இதில் வாங்குபவருக்கு ஓரளவு பிடி கொடுக்கிறது. பொது இடம் எது என்று சொல்லும் அதன் பிரிவு 2, படிக்கட்டு, லிப்ட், மொட்டை மாடியோடு நிற்காமல், திட்டத்தில் தரப்படும் சமுதாய, வணிக வசதிகளையும் சேர்த்துக்கொள்கிறது. பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 17. மாநிலச் சட்டத்தில் வேறு விதி இல்லாவிட்டால், குடியேற்றச் சான்று கிடைத்த 3 மாதத்துக்குள் அதைச் செய்ய வேண்டும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மூன்று இடங்களில் தேடிப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும் கட்டுநர் தாக்கல் செய்த விவரத்திலும் உணவுக்கூடம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்து, கிரையப் பத்திரத்தின் வரைவைக் கேட்டு வாங்கி ஏ, பி, சி ஷெட்யூல்களை, அதாவது சொத்து விவரப் பட்டியல்களைப் படிக்க வேண்டும். எல்லா வீடுகளின் பிரிபடாத பங்கையும் கூட்டினால் ஏ ஷெட்யூலில் உள்ள மொத்த நிலத்துக்குச் சமமாக வர வேண்டும். குறைந்தால், மிச்ச நிலம் கட்டுநரிடம் இருக்கிறது என்று பொருள். மூன்றாவது வில்லங்கச் சான்று. சர்வே எண்ணை வைத்து எடுத்தால் அந்த நிலப் பங்கின் மேல் வங்கி அடமானம் இருக்கிறதா என்பது தெரியும். அடமானத்தில் இருக்கும் சமையற்கூடத்தை நம்பி வீடு வாங்குவது பெரிய ஆபத்து. கட்டுநர் கடனைக் கட்டாவிட்டால் ஏலத்துக்கு வருவது உங்கள் சாப்பாட்டு மேசை.

உணவுக்கூடம் பொது இடம்தான் என்று வாயால் சொல்வதை ஏற்கக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா பிரிவு 13 சொல்கிறது. கட்டுநரிடம் பேரம் பேசும் பலம் வாங்குபவருக்கு அந்தப் பத்து சதவீதம் வரைதான் இருக்கும்.

சேவை ஒப்பந்தத்தில் முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு, புதுப்பிப்பது யார், சங்க உறுப்பினர்களில் எத்தனை பங்கு பேர் வாக்களித்தால் நிறுவனத்தை மாற்றலாம், எத்தனை நாள் முன்னறிவிப்பு? 'நிறுவனம் விரும்பும் வரை' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். அடுத்தது கட்டண உயர்வு. 'செலவுக்கு ஏற்ப உயர்த்தப்படும்' என்பது கணக்கில் சேராது. நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைத்து ஓர் உச்ச வரம்பும், வருடாந்திரத் தணிக்கைக் கணக்கைச் சங்கத்துக்குக் காட்டும் கடமையும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். தம்பதிக்குப் பராமரிப்பும் சாப்பாடுமாக மாதம் 27,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 8 சதவீதம் ஏறினால் ஒன்பதாம் வருட முடிவில் அது ஏறக்குறைய 54,000. 65 வயதில் குடியேறியவருக்கு 74 வயதில், அதாவது உதவி அதிகம் தேவைப்படத் தொடங்கும் வயதில், செலவு இரட்டிப்பாகிறது. வங்கி வட்டியை நம்பி வாழ்பவரின் வருமானம் அதே வேகத்தில் ஏறாது.

ஜிஎஸ்டி தனிக் கதை. குடியிருப்போர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் வாங்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கு ஆள் ஒருவருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. அந்த விலக்கு சங்கத்துக்குத்தான். சேவை நிறுவனமே நேரடியாக உங்கள் பெயரில் பில் போட்டால் விலக்கு பொருந்தாது. பராமரிப்புக் கட்டணத்தின் முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம் சேரும். சங்கம் வசூலித்துக் குடியிருப்போரின் செலவை நடத்தும் ஏற்பாடும், நிறுவனம் நேராக வசூலிக்கும் ஏற்பாடும் மாதக் கணக்கில் ஒன்றல்ல. பில் யார் பெயரில் வரும் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டணத்தை ஒப்பிட வேண்டும்.

சிறிய வரிகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளிடம் இரண்டு மாதம் போய்விட்டு வந்தால் அந்த நாட்களின் சாப்பாட்டுக்குக் கழிவு உண்டா? கணவன் மனைவியில் ஒருவர் காலமானால் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு குறையும்? பாதியாகக் குறைவது அபூர்வம்; சதுர அடிக் கணக்கில் வசூலிக்கும் இடத்தில் ஒரு ரூபாயும் குறையாது. எஞ்சியிருப்பவர் 55 வயதுக்குக் கீழே என்றால் தொடர்ந்து வசிக்கலாமா? படுக்கையில் விழுந்தாலோ மறதி நோய் வந்தாலோ என்ன செய்வார்கள்? 'தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாதவர் வேறு இடத்துக்கு மாற வேண்டும்' என்று ஒரு வரி சில ஒப்பந்தங்களில் இருக்கும். எந்த முதுமைக்காக இந்த வீட்டை வாங்கினார்களோ, அதே முதுமை வந்ததும் வெளியே போகச் சொல்லும் வரி அது. இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மறுவிற்பனைக்கு வருகிறேன். இந்த வீடுகள் விற்கத் தாமதமாவதற்குக் காரணங்கள் உண்டு. வாங்குபவருக்கு வயது வரம்பு இருப்பதால் சந்தை குறுகியது. 60 வயதைக் கடந்தவருக்கு வங்கிகள் நீண்ட கால வீட்டுக் கடன் தருவதில்லை. பெரும்பாலோர் ஊரில் உள்ள பழைய வீட்டை விற்ற பணத்தில்தான் வாங்குவார்கள். அந்த வீடு விற்காதவரை உங்கள் வீடும் விற்காது. இதைவிடப் பெரிய போட்டி அடுத்த மதிலுக்குள் இருக்கிறது. அதே கட்டுநர் இரண்டாம், மூன்றாம் கட்டங்களைக் கட்டி விற்றுக்கொண்டிருப்பார். விசாரிக்க வருபவர் முதலில் நுழைவது அவருடைய விற்பனை அலுவலகத்துக்குள். அங்கே இருப்பவருக்குப் புது வீட்டைக் காட்டத்தான் சம்பளம். கடைசிக் கட்டம் விற்று முடியும்வரை பழைய வீட்டின் விலை அழுத்தத்தில்தான் இருக்கும். ஆகவே வாங்கும்போதே, இன்னும் எத்தனை கட்டம், எத்தனை வீடு, எப்போது முடியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

மறுவிற்பனைக்கு நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், எத்தனை நாளில் தர வேண்டும், எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். மாற்றுக் கட்டணம் என்று விற்பனை விலையில் ஒரு சதவீதம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. தொகையாக எழுதியிருந்தால் பரவாயில்லை, 'அப்போது நடைமுறையில் உள்ளபடி' என்றிருந்தால் ஏற்காதீர்கள். பெரிய பழுதுகளுக்கென வாங்கி வைக்கும் மூலதன நிதி, அதாவது கார்பஸ், பெரும்பாலும் வீட்டோடு போகும். விற்பவர் அதை விலையில் சேர்த்துக் கேட்க வேண்டும். சேவைக்காக வாங்கிய டெபாசிட் வேறு, அது விற்பவருக்குத் திரும்பி வர வேண்டும். இரண்டையும் ஒரே ரசீதில் போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த கார்பஸ் எவ்வளவு இருக்கிறது, யார் கணக்கில் இருக்கிறது என்பதும் மறுவிற்பனை விலையைத் தொடும். வெளிப் பூச்சு, மொட்டை மாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஜெனரேட்டர், கடைசியாக லிப்ட் என்று ஒவ்வொன்றாகச் செலவு வரும். நிதி கரைந்துபோன பத்து வருடக் குடியிருப்பில் வாங்குபவர் தலையில் முதல் மாதமே சிறப்பு வசூல் விழும். விவரம் தெரிந்தவர் அதைக் கழித்துத்தான் விலை கேட்பார்.

வரிச் செலவிலும் புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து, கட்டுநரிடமிருந்து முதல் முறை வாங்கும் அடுக்குமாடி வீட்டின் மதிப்பு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை என்றால் முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். மறுவிற்பனைக்கு 7ம் 2ம் சேர்ந்து 9. அதே சமயம் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கும் மறுவிற்பனைக்கும் அது இல்லை. 60 லட்ச ரூபாய் வீட்டை வைத்துப் பார்த்தால், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 7,20,000 ரூபாய், பழைய வீட்டுக்கு 5,40,000, கட்டி முடித்து நிறைவுச் சான்றோடு நிற்கும் புது வீட்டுக்கு 4,20,000. மூத்தவர்களுக்கு என் பரிந்துரை கட்டி முடித்த வீடுதான், அதுவும் குறைந்தது மூன்று வருடமாகச் சமையல் நடக்கிற இடத்தில். சாப்பாட்டின் தரத்தை மாதிரி வீட்டில் பார்க்க முடியாது.

வாரிசுகள் விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. பெற்றோர் காலமானபின் வீடு பிள்ளைகளுக்கு வரும். வயது விதியால் அவர்கள் அங்கே குடியிருக்க முடியாது. பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் ஓடும், பாக்கி தீர்க்காமல் தடையின்மைச் சான்று கிடைக்காது. வாரிசு வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பி, அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். வெளிநாடுவாழ் வாரிசிடமிருந்து வாங்கும் மூத்தவரும் கவனிக்க வேண்டும். வாங்குபவர் விலையில் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் வழக்கமான 1 சதவீத வரிப் பிடித்தம் இங்கே பொருந்தாது. விற்பவர் வருமான வரி அலுவலகத்தில் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கித் தராவிட்டால், அதிக விகிதத்தில் பிடிக்க வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது. தவறினால் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். எனவே வாங்கும்போதே வாடகைக்கு விடும் உரிமை, அதுவும் நிறுவனத்தின் வழியாக மட்டும் என்ற நிபந்தனை இல்லாமல், ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கும்வரை வீட்டைக் காப்பாற்றுவது அந்த உரிமைதான்.

கிரையம் இல்லாமல் ஆயுட்கால டெபாசிட் வாங்கிக்கொண்டு வீடு தரும் முறையும் இருக்கிறது. வாரிசுத் தொல்லை இல்லை என்பது நிஜம். ஆனால் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத காகிதத்தை நம்பி 30 லட்சம் கொடுப்பவர், நிறுவனம் நொடித்தால் பிணை இல்லாத கடன்காரர்களின் வரிசையில்தான் நிற்பார். பழைய வீட்டை விற்ற லாபத்தைப் புது வீட்டில் போட்டு வரிவிலக்கு கேட்பவருக்கும் இது உதவாது, திருப்பித் தரும் டெபாசிட் வீடு வாங்கியதாகாது. கிரையமாக வாங்கினால் விற்ற நாளிலிருந்து 2 வருடம், கட்டுமானம் என்றால் 3 வருடம் அவகாசம் உண்டு. வாங்கிய வீட்டை 3 வருடத்துக்குள் விற்றால் பெற்ற விலக்கு கைவிட்டுப் போகும். இடம் பிடிக்காமல் ஒரே வருடத்தில் திரும்ப நினைக்கும் தம்பதிகள் மாட்டிக்கொள்வது இதில்தான். பழைய வீட்டை விற்பதற்கு முன் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, போக நினைக்கும் குடியிருப்பில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பதே சரியான வரிசை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும், உதவிக்கு ஓடி வருபவர் கதவை உடைக்க வேண்டியிருக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு அல்லது நகர்த்தும் கதவுதான் வேண்டும், 90 சென்டிமீட்டர் அகலத்தில். சக்கர நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் இடம் தேவை. சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவருக்கே மூச்சு வாங்கும். லிப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நீட்டமாகப் போகுமா என்று உள் ஆழத்தை அளந்து பாருங்கள். அவசர மணியின் கயிறு தரையில் கிடப்பவர் கைக்கு எட்டும்படி தொங்க வேண்டும். சுவரில் நான்கடி உயரத்தில் உள்ள பொத்தான் விழுந்தவருக்குப் பயன்படாது. அனுமதி கேட்டு ஒருமுறை அதை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள திட்டங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சோதனை. அந்தப் பகுதியின் பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகின்றன. நகர் ஊரமைப்பு அனுமதியோடு அந்தக் குழுமத்தின் ஒப்புதலும் காட்டப்பட வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாத கட்டடத்தின் மறுவிற்பனைக்கு வங்கி அதிகாரியே கையெழுத்துப் போடத் தயங்குவார்.

இதெல்லாம் வாங்குபவர் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019லேயே ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறையை வெளியிட்டது. கட்டுநர், சேவை நிறுவனம், வாங்குபவர் ஆகிய மூவரும் சேர்ந்த முத்தரப்பு ஒப்பந்தத்தை அது முன்வைத்தது. மகாராஷ்டிர ரெரா 2024ல் மூத்தோர் குடியிருப்புகளுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு ரெரா செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. முதியோர் குடியிருப்பு என்று விளம்பரம் செய்யும் எந்தத் திட்டமும் சேவை ஒப்பந்தத்தின் வரைவு, கட்டண உயர்வுச் சூத்திரம், மறுவிற்பனை நிபந்தனை, சமையற்கூடம் உள்ளிட்ட பொது வசதிகளின் உரிமையாளர் பெயர் ஆகிய நான்கையும் பதிவின்போதே இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டால் போதும். விளம்பரங்களை ஏற்கும் நாளிதழ்களும் சதுர அடி விலைக்குப் பக்கத்திலேயே மாதக் கட்டணத்தையும் அச்சிடும்படி விளம்பரதாரரைக் கேட்கலாம். உங்கள் நாளிதழ் அதைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்